ஆர்எக்ஸ் 6600-ஆ, ஆர்டிஎக்ஸ் 3050-ஆ? வீட்டில் இரண்டு கட்சி

கொசுவலை:

வீட்டில் கணினி ஒன்றுதான், ஆள் இரண்டு. பகலில் நான் பிளெண்டரில் (முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்) உட்கார்ந்திருப்பேன். ராத்திரி ஒன்பது மணி ஆனால் தம்பி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு பெருமூச்சு விட ஆரம்பிப்பான், எழுந்துவிட வேண்டியதுதான்.

இப்போது இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. 2016-ல் வந்த கார்டு, இத்தனை வருஷம் உழைத்ததே பெரிது. போன வாரம் தம்பி சைபர்பங்க் 2077 கேம் போட்டான். எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்தும் ஓடுகிற லட்சணம் இதுதான்: நடந்து போனால் பரவாயில்லை, காரில் ஏறினால் தெரு துண்டு துண்டாக வந்து சேர்கிறது. இரண்டு நொடி ஒழுங்காகப் போகும், அப்புறம் ஒரு வெட்டு, கார் சுவரில் இருக்கும். ஒருமுறை கட்டடம் வருவதற்கு முன்பே அதன் பெயர்ப்பலகை மட்டும் காற்றில் வந்து நின்றது.

அதனால் கார்டு மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எது என்பதில்தான் சண்டை. தம்பி ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கட்சி. அவன் பார்த்த ஒப்பீட்டு வீடியோக்களில் எல்லாம் அதற்குத்தான் பட்டை நீளமாக இருந்ததாம். நான் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கட்சி. பிளெண்டர் என்றால் என்விடியா என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வேறு இருக்கிறது.

மற்ற விவரம்: ப்ராசஸர் ஐ5 10400எஃப், எச்410 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், விண்டோஸ் மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டியில், மற்றதெல்லாம் பழைய ஹார்டு டிஸ்க்கில். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) 450 வாட். மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். 8 பின் கேபிள் ஒன்று உள்ளே சும்மா கட்டிக் கிடக்கிறது என்று தம்பி டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னான்.

யார் கட்சி ஜெயிக்கும்?


மின்விசிறி:

தம்பி கட்சி. 1080பியில் வெறும் கேம் வேகம் மட்டும் என்றால் 8 ஜிபி 3050-ஐவிட 6600 ஏறக்குறைய கால் பங்கு முன்னால் நிற்கும், சில கேமில் அதற்கு மேலேயும். இரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன், ஒரு குறை இல்லை. வாங்கிப் போட்டு விளையாடச் சொல்லுங்கள்.


பழைய_இரும்பு:

மின்விசிறி சொன்ன வேகக் கணக்கு சரி. ஆனால் அக்கா கட்சி தோற்றது என்று இப்போதே எழுதிவிட மாட்டேன். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துகிற இடம் கார்டே இல்லை.

முதலில் 3050 பற்றி. அந்தப் பெயரில் இரண்டு கார்டு இருக்கின்றன. 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி: 2560 கூடா கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்), 128 பிட் மெமரி பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்), 130 வாட். 2024 பிப்ரவரியில் அதே பெயரிலேயே 6 ஜிபி என்று இன்னொன்று வந்தது: 2304 கோர்கள், 96 பிட், 70 வாட். ரேம் அளவு மட்டும்தான் குறைந்தது என்று நினைத்து வாங்கியவர்கள் பலர். கோரும் குறைவு, மெமரி வேகமும் குறைவு, அது வேறு கார்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் '3050' பெரிதாக இருக்கும், '6ஜி' ஒரு மூலையில் இருக்கும். சந்தேகம் வந்தால் கார்டின் விளிம்பைப் பாருங்கள். பவர் சாக்கெட்டே இல்லை என்றால் அநேகமாக அது 6 ஜிபிதான். உங்களுக்குக் கிடைக்கிற 3050 எது என்று பார்க்காமல் இந்த ஒப்பீட்டைத் தொடங்கவே முடியாது.

6 ஜிபிக்காரனைக் குறைசொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பவர் கேபிளே இல்லாத அலுவலகக் கணினிக்கு அது நல்ல கார்டு. உங்கள் பெட்டி அப்படி இல்லை.

இரண்டாவது, அந்தக் 'கட்டிக் கிடக்கிற 8 பின்'. இதில்தான் எனக்கு வயிற்றில் புளி கரைகிறது. உங்கள் 1050 டிஐ மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொள்ளும் ரகம் என்றால் இதுவரை பவர் கேபிளுக்கு வேலையே வந்திருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 8 பின்னில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ப்ராசஸருக்கு, அது 4+4 ஆகப் பிரியும். இன்னொன்று கார்டுக்கு, அது 6+2 ஆகப் பிரியும். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே நேர் எதிர்: ஒன்றில் 12 வோல்ட் வருகிற வரிசையில் மற்றதில் தரை இணைப்பு இருக்கும். மாற்றிச் செருகிவிடக் கூடாது என்றுதான் சில துளைகளைச் சதுரமாகவும் சிலவற்றை மூலை மழுங்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிளாஸ்டிக்தானே, பலமாக அழுத்தினால் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அழுத்தினார். நல்லவேளை, எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது, கார்டு பிழைத்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அந்தக் கேபிள் எப்படிப் பிரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கூடவே எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்றும். 450 என்ற எண்ணைவிட அந்த எண்தான் முக்கியம்.

மூன்றாவது, காரில் போனால் தெரு துண்டு துண்டாக வருகிறது என்றீர்களே, அது முழுக்க கார்டின் குற்றம் என்று நான் நம்பவில்லை. சைபர்பங்கின் குறைந்தபட்சத் தேவையை 2023-ல் மாற்றினார்கள். ரேம் 12 ஜிபி, டிஸ்க் எஸ்எஸ்டி. உங்களிடம் 8 ஜிபி, கேம் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். பெயர்ப்பலகை முதலில் வந்து கட்டடம் பிறகு வருகிறதென்றால் டிஸ்க் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அந்த 8 ஜிபி ரேம் ஒரே குச்சியா, இரண்டா?

கடைசியாக ஒன்று: பிளெண்டரில் நீங்கள் அதிகம் புழங்குவது சைக்கிள்ஸா (ஒளியைக் கணக்கிட்டு மெதுவாக வரைவது), ஈவியா (உடனுக்குடன் வரைவது)?


நிறப்பிரிகை:

3050 பக்கம் பேச ஒருவராவது வேண்டாமா. நான் 8 ஜிபி வைத்திருக்கிறேன்.

சைக்கிள்ஸ் என்றால் விவாதமே இல்லை. என்விடியாவின் ஆப்டிக்ஸ் வசதியைப் போட்டதும் கார்டில் இருக்கும் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்க் கணக்கு) கோர்கள் வேலைக்கு வந்துவிடும், கேமில் பின்னால் நிற்கிற 3050 அங்கே 6600-ஐ முந்திவிடும். நேரலை செய்பவர்களுக்கும் இதுதான். குறைந்த பிட்ரேட்டில் எச்.264 வடிவத்தில் வீடியோ அனுப்பும்போது என்விடியாவின் வீடியோ என்கோடரான என்விஎன்சியில் படம் சுத்தமாக இருக்கும். 6600-இல் வேகமான காட்சிகளில் புல், இலை எல்லாம் கஞ்சி மாதிரி குழைந்துவிடும்.

டிஎல்எஸ்எஸ் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 1080பியில் 'குவாலிட்டி' வைத்தாலே உள்ளே கார்டு வரைவது 720பிதான். அதைப் பெரிதாக்கும்போது டிஎல்எஸ்எஸ் ஒப்பேற்றிவிடும். அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2-இல் கம்பிவேலி, மின்கம்பி, தலைமுடி ஆகியவற்றில் ஒரு மினுமினுப்பு வரும். ஒருமுறை கண்ணில் பட்டால் அப்புறம் அதுதான் தெரியும். ஆனால் 6600-க்கு அந்த ஊன்றுகோல் அவ்வளவு அடிக்கடி தேவைப்படாது என்பதும் நிஜம்.

ரே டிரேசிங்கை இந்த இரண்டு கார்டுக்கும் காரணமாகச் சொல்லவே வேண்டாம். சைபர்பங்கில் போட்டுப் பார்த்தேன், புகைப்பட ஆல்பம் புரட்டுகிற மாதிரி இருந்தது.


தம்பி_தான்:

நான்தான் அந்தத் தம்பி. பெருமூச்சு விடுவதாக எழுதியிருப்பது பொய். எட்டே முக்கால் வரை அறைக்குள்ளேயே வருவதில்லை.

கேபிளை மறுபடியும் பார்த்தேன். 6+2. சின்ன எழுத்தில் பிசிஐ-இ என்று அச்சும் இருக்கிறது. நான் அழுத்துகிற ஆள் இல்லை அண்ணா, பயப்பட வேண்டாம். தாளில் 12 வோல்ட்டுக்கு 34 ஆம்பியர்.

என் கேம்கள்: சைபர்பங்க், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, எல்டன் ரிங்.


பழைய_இரும்பு:

நல்லது தம்பி. 12-ஐ 34-ஆல் பெருக்கினால் 408 வாட். 10400எஃப் முழு வேகத்தில் கொஞ்ச நேரத்துக்கு 134 வரை இழுக்கும், 6600-க்கு 132, மற்றதுக்கெல்லாம் சேர்த்து ஒரு 50 வையுங்கள். 316 ஆச்சு, உள்ளே அடங்கிவிடும். ஒரு வேடிக்கை பாருங்கள்: 6600-க்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறது ஏஎம்டி. அதைவிட 2 வாட் குறைவாக இழுக்கும் 8 ஜிபி 3050-க்கு 550 வேண்டும் என்கிறது என்விடியா. எந்த ஓட்டை எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டுவார்களோ என்று அவரவர் பயத்துக்கு ஏற்பப் போடுகிற எண் அது. தாளில் உள்ள ஆம்பியரை நம்புங்கள்.

எச்410 போர்டில் கார்டு செருகும் இணைப்பு பிசிஐஇ 3.0, பழைய தலைமுறை. இரண்டு கார்டுமே எட்டு லேன்தான் (டேட்டா போகும் பாதை) பயன்படுத்தும், 6600 சில சதவீதம் இழக்கும், கவலைப்படும் அளவுக்கு இல்லை. இதே காரணத்தால் ஏஎம்டியின் 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். நாலே லேன், 4 ஜிபி. 3.0 போர்டில் மூச்சுத் திணறும். வீடியோ என்கோடரும் கிடையாது.

எல்டன் ரிங் எந்தக் கார்டிலும் 60-க்கு மேல் போகாது, கேமே அங்கே பூட்டியிருக்கிறது. எனவே அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் உன் ப்ராசஸரும் ரேமும்தான் பேசும். ஆக மிச்சம் சைபர்பங்க் ஒன்றுதான்.

அக்கா ரேம் பற்றியும் பிளெண்டர் பற்றியும் இன்னும் பதில் சொல்லவில்லை.


கொசுவலை:

சொல்கிறேன், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தேன். இரண்டில் ஒரு ஸ்லாட் மட்டும் பயன்பாட்டில் என்று போட்டிருக்கிறது. இத்தனை வருஷமாக ஒற்றைக் குச்சியில்தான் ஓட்டியிருக்கிறோம்.

பிளெண்டர் விஷயம். என் கடைசி இருபது கோப்புகளைத் திறந்து பார்த்தேன். பதினேழு ஈவி, மூன்று சைக்கிள்ஸ். நான் செய்வது பொருள் எப்படி இயங்குகிறது என்று காட்டும் சின்னச் சின்ன அனிமேஷன்கள், ஈவியே போதுமாக இருந்திருக்கிறது. 'பிளெண்டர் என்றால் என்விடியா' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பாதிக்கு மேல் கேட்டுச் சொன்னதுதான் போல. அப்புறம் எங்களுக்குக் கிடைப்பதாக இருந்த 3050-இன் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் 6ஜி.


நிறப்பிரிகை:

அப்படியானால் நானே கட்சி மாறுகிறேன். பதினேழு ஈவி என்றால் 6600 எடுங்கள். மூன்று சைக்கிள்ஸ் கோப்புகளும் ஓடாமல் போகாது, ஏஎம்டி கார்டுக்கான ஹிப் வழியாக அதில் ஓடும், கொஞ்சம் மெதுவாக.


பழைய_இரும்பு:

ஆமோதிக்கிறேன். ஆனால் வரிசை முக்கியம். முதலில் இன்னொரு 8 ஜிபி குச்சி போடுங்கள், முடிந்தால் அதே வேகத்தில். கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பழைய கார்டிலேயே ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். அப்புறம் புதுக் கார்டு. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

கார்டு மாற்றும் முன் சேஃப் மோடில் டிடியு என்ற மென்பொருளை ஓட்டிப் பழைய என்விடியா டிரைவரைத் துடைத்துவிடுங்கள். கேபினெட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் இடம் என்றும் அளந்துகொள்ளுங்கள்.


கொசுவலை:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

ரேம் போட்ட அன்று திரை வரவில்லை. 10400எஃப்பில் உள் கிராபிக்ஸும் கிடையாது, எனவே கார்டு போச்சா, போர்டு போச்சா என்று அரை மணி நேரம் தம்பியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் குச்சியின் ஒரு முனை மட்டும் 'க்ளிக்' ஆகியிருந்தது. மறுமுனையை அழுத்தியதும் வந்துவிட்டது. ஆமாம், இந்த முறை அழுத்தத்தான் வேண்டியிருந்தது.

கேமைப் பெரிய எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்றினோம். பழைய 1050 டிஐயிலேயே அந்த வெட்டுகள் அநேகமாகப் போய்விட்டன. ஃபிரேம் அதிகமாகவில்லை, முப்பதைச் சுற்றியேதான், ஆனால் தெரு ஒழுங்காக வந்தது, கட்டடமும் பெயர்ப்பலகையும் சேர்ந்தே வந்தன. அதற்கு அப்புறம்தான் 6600. ஹார்டு டிஸ்க் கூண்டுக்கும் கார்டின் வாலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம்தான் மிச்சம். இப்போது சைபர்பங்க் 'ஹை'யில் அறுபதுக்கு அருகில் ஓடுகிறது.

என் பக்கம்: ஈவி வியூபோர்ட் வழவழவென்று போகிறது. சைக்கிள்ஸ் கோப்பு ஒன்றை முதல் ராத்திரி ரெண்டருக்குப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் நாற்பது ஃபிரேம்கூட முடியவில்லை, கார்டின் விசிறி சுற்றவே இல்லை. பிரிஃபரன்ஸஸில் சிஸ்டம் பக்கத்துக்குப் போய் ஹிப் என்பதைத் தேர்ந்தெடுத்து, கோப்பிலும் டிவைஸை ஜிபியு கம்ப்யூட் என்று மாற்ற வேண்டுமாம். நான் எதையும் தொடவில்லை, ராத்திரி முழுக்கப் பாவம் ப்ராசஸர் ஒன்றே இழுத்திருக்கிறது. மாற்றிய பிறகு அதே கோப்பு மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது.