சங்கிலி இல்லாத உயர ஒற்றைச் சக்கர வண்டி: செய்து பார்த்தவர்கள் உண்டா?

வணக்கம். வேலந்தாவளத்தை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கிறேன். 20 அங்குல ஒற்றைச் சக்கர சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். அடுத்து, சக்கரத்தின் மேல் சக்கரம் வைத்துச் சங்கிலியே இல்லாமல் ஒரு உயர வண்டி செய்ய ரொம்ப நாளாக ஆசை.

மிதி மேல் சக்கரத்தில் இருக்கும். அதன் டயர் கீழ் டயரை அழுத்தி உருட்டும். ஆனால் ஒட்டிச் சுற்றும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகத்தான் சுற்றும். முன்னே போக வேண்டுமென்றால் பின்னோக்கி மிதிக்க வேண்டும். நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செருகினால் திசை சரியாகிவிடும். நடுச் சக்கரத்தின் அளவு வேகத்தை மாற்றாது என்பதால் குழந்தை சைக்கிளின் 12 அங்குலச் சக்கரமே போதும்.

உயரம் எனக்குப் பயமில்லை. நீளக் கம்பு மெதுவாகச் சாய்வது போல உயர வண்டியும் மெதுவாகவே சாயும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். பயமெல்லாம் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுதான். கூடவே சாரலும் வரும். ஈரத்தில் டயர் வழுக்குமா? டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் பிடிப்பு வருமா, இல்லை மிதிக்கக் கனமாகுமா? பின்னோக்கி மிதித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் அனுபவம் சொல்லுங்கள்.

அப்புறம், பழைய சைக்கிள் ஃபோர்க்குகளை நேராக ஒட்டித் தரும் வெல்டிங் பட்டறை பொள்ளாச்சியிலோ பாலக்காட்டுப் பக்கச் சித்தூரிலோ தெரிந்தால் சொல்லுங்கள். அச்சு கொஞ்சம் கோணினாலும் டயர்கள் ஒன்றோடொன்று உட்காராது.