மறு: ‘கிரவுண்ட்’ – புவிமுனையா, வேறு சொல்லா?

> ‘புவியிணைப்பு’ (எர்த்திங்) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையொட்டி, மின்சுற்றில் 0 வோல்ட்டாக வைத்துக்கொள்ளும் கிரவுண்டைப் ‘புவிமுனை’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் நண்பரே.

வீட்டு வயரிங்கில் பொருந்தும். பிளக்கின் தடித்த முனையிலிருந்து போகும் கம்பி நிஜமாகவே மண்ணில் முடிகிறது. பவர்பேங்கில் ஓடும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையின் கிரவுண்டுக்கும் மண்ணுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. புவி என்றதும் ‘எங்கே அளந்தாலும் 0 வோல்ட்’ என்ற நம்பிக்கை வேறு வந்துவிடுகிறது. நீளமான கம்பியில் காலை வாருவது அந்த நம்பிக்கைதான்.

ஒரு கணக்கு. ஆர்டுயினோ ஊனோவிலிருந்து 30 மீட்டர் தள்ளி எல்எம்35 வெப்பநிலை உணரி. பக்கத்திலேயே 20 மில்லியாம்பியர் இழுக்கும் ஒரு எல்இடி. இரண்டுக்கும் கிரவுண்ட் ஒரே கம்பி, கேட்5 (நெட்வொர்க்) கேபிளின் ஒற்றை இழை. அதன் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.084 ஓம், 30 மீட்டருக்கு 2.5 ஓம். அதன் வழியே 20 மில்லியாம்பியர் திரும்பினால் 50 மில்லிவோல்ட். உணரி பூஜ்யம் என்று நினைக்கும் இடம் பலகையின் பூஜ்யத்துக்கு அவ்வளவு மேலே நிற்கிறது. எல்எம்35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவது. ஆகவே எல்இடி எரிந்தால் 5 டிகிரி கூடுதலாகக் காட்டும், அணைந்தால் சரியாகிவிடும். நூறு அளவீடுகளுக்குச் சராசரி எடுத்தாலும் போகாது. தாறுமாறாக ஏறி இறங்கும் இரைச்சலாக இருந்தால்தானே போவதற்கு!

அந்த ஒரு கம்பி இரண்டு வேலை பார்க்கிறது: மின்னோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது, எதிலிருந்து அளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் தனிப் பெயர் வேண்டும் என்பது என் கட்சி. முதல் வேலைக்கு ‘மீள்கம்பி’, அடுத்ததற்கு ‘மட்டக்கம்பி’. கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் பார்க்க முடியாது. இங்கேயும் மட்டக்கம்பியில் மின்னோட்டம் ஓடக் கூடாது.

கேட்5இல் எட்டு இழை இருக்கிறது. உணரியின் கிரவுண்ட் காலிலிருந்து இன்னொரு இழையை எடுத்து, வெளியீட்டோடு ஒரே முறுக்கிணையில் (ஒன்றோடொன்று முறுக்கிய இரு இழை) கொண்டுவந்து, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சிப்பின் இரு உள்ளீடுகளில் கொடுத்து வித்தியாசத்தை மட்டும் அளந்தால் அந்த 50 மில்லிவோல்ட் கழிந்துவிடும்.

(எல்எம்35இன் வெளியீடு தனியாக 50 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் வரைதான் தாங்கும். கேட்5க்கு மீட்டர் ஒன்றுக்கே ஏறக்குறைய அவ்வளவு. வெளியீட்டில் தொடராக ஒரு 2 கிலோஓம் மின்தடை போட மறக்காதீர்கள்.)

---

> முதல் வேலைக்கு ‘மீள்கம்பி’, அடுத்ததற்கு ‘மட்டக்கம்பி’.

மீள்கம்பி சரி. மட்டக்கம்பி என்றால் கடையில் மட்டமான கம்பியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்களே ஐயா! ‘ஒப்புக்கம்பி’ ஆகாதா? அப்புறம், பலகையில் இருக்கும் முனைக்கு என்ன பெயர்?

---

ஒப்புக்கம்பி என்றால் எனக்கு ஒப்புக்குச் சப்பாணிதான் நினைவுக்கு வருகிறது. மட்டமே இருக்கட்டும், ‘ரசமட்டம்’ என்று சொல்லும்போது யாரும் மட்டமாக நினைப்பதில்லை.

பலகை முனைக்குப் ‘பொதுமுனை’ போதும். ஏடிஎஸ்1115 கையில் இல்லாதவர்கள் எல்இடிக்குத் தனி மீள்கம்பி இழுத்து, உணரியின் கம்பியைப் பொதுமுனையில் மட்டும் அதோடு சேர்க்கலாம். எல்எம்35 தானாக இழுப்பது 60 மைக்ரோஆம்பியர் அளவுதான், 30 மீட்டரில் அது கணக்கிலேயே வராது.