ஆகாய கங்கைக்கு ஐந்நூறு படியா? யார் சொன்னது?

நாமக்கல் நந்தா: நேற்று 'ஊர்சுற்றி' போகிற போக்கில் உதிர்த்த முத்து இது: "கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஐந்நூறு படிதான், வயசானவங்களைத் தாராளமா கூட்டிப் போங்க." ஐயா, பாதியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டீர்களா? அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் இறங்க ஆரம்பித்தால் ஆயிரத்துக்கு மேல். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போது தெரியும் சேதி.

ஊர்சுற்றி: எனக்கு ஐந்நூறு மாதிரிதான் இருந்தது. மூச்சுகூட வாங்கவில்லை. உடம்பை வைத்துக்கொள்கிற விதத்தில் இருக்கிறது.

ராசிபுரத்தான்: 1,020. எண்ணிக்கொண்டே இறங்கியவன் சொல்கிறேன்.

மலைத்தேனீ: என் மச்சான் எண்ணியதில் 1,196.

ராசிபுரத்தான்: ஏறும்போது எண்ணியிருப்பார். களைப்பில் ஒன்று இரண்டாகத் தெரியும். 1,020.

துறையூர்க்காரி: படி கிடக்கட்டும், தண்ணீர் இருக்குமா என்று யாராவது கேட்டீர்களா? கோடையில் நூலாகத்தான் விழும். ஐப்பசி மழைக்கு அப்புறம் போனால் 300 அடி உயரத்திலிருந்து கொட்டும். சாரல் முகத்தில் அறையும், பேசுவது காதில் விழாது. வெள்ளம் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். முட்டி வலிக்காரர்கள் மாசிலா அருவிக்குப் போகட்டும். இல்லையா, இந்த அருவியாக விழுகிற ஐயாறுதான் கீழே அடிவாரத்தில் எங்கள் புளியஞ்சோலைக்கு வருகிறது, அங்கே வாருங்கள்.

ஊர்சுற்றி: புளியஞ்சோலையா? பிரியாணி அண்டா கழுவுகிற இடமல்லவா அது?

துறையூர்க்காரி: அண்டாவைக் கொண்டுவந்து கழுவுவது உங்களைப் போன்ற ஊர்சுற்றிகள்தான்.



ராசிபுரத்தான்: அண்டா கிடக்கட்டும், மலைப் பாதையைப் பாருங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அதனால்தான் வளைவு எத்தனை என்று எவனும் சண்டை போடுவதில்லை. படிக்கும் போட்டிருந்தால் நான் சொன்ன 1,020 எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மலைத்தேனீ: பலகை இருந்தால்தான் எண்ணத் தெரியும் என்கிறீர்கள். சரி.

ராசிபுரத்தான்: எழுபது வளைவும் ஜன்னலில் தலையை விட்டு வாந்தி எடுத்தவர்களுக்குப் பலகை இருந்தும் தெரியாது.

புதுப்பயணி: ஆடிப்பெருக்குக்கு, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி பெயரில் நடக்கும் விழாவோடு சேர்த்துப் போகலாம் என்றிருக்கிறோம். சேலத்திலிருந்து நேர் பேருந்து உண்டா?

நாமக்கல் நந்தா: எந்தப் படியிலிருந்து எண்ணினாலும் ஐந்நூறு வராது. அதை மட்டும் ஊர்சுற்றி ஒப்புக்கொள்ளட்டும்.

ஊர்சுற்றி: கோயில் படி, கடைப் படி எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம்கூட வரும்.

ராசிபுரத்தான்: கோயில் படியை நான் தொடவே இல்லை. சந்தேகமிருந்தால் ஓரி விழாவுக்கு வாருங்கள், சேர்ந்தே எண்ணுவோம். 1,020.

மலைத்தேனீ: வருகிறேன், மச்சானோடு. 1,196.

ராசிபுரத்தான்: மறக்காமல் அவருக்குக் கண்ணாடி மாட்டிக் கூட்டி வாருங்கள்.