ரேபிட்ஸ் கார்ட்டூனில் ரேமேன் எங்கே போனான்?

பழைய_கன்ட்ரோலர் கேட்டது:

அண்ணன் மகனுக்கு ஐந்து வயது. 'ரேபிட்ஸ் இன்வேஷன்' என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவான். கத்திக்கொண்டு ஓடும் அந்த வெள்ளை முயல்களை நான் அவனுக்கு முன்பே அறிந்தவன். 2006-இல் யூபிசாஃப்ட் கம்பெனி வெளியிட்ட 'ரேமேன் ரேவிங் ரேபிட்ஸ்' வீடியோ விளையாட்டை, கையை வீசி ஆடும் வீ கன்சோலில் தோள் கழன்றுபோகும் அளவுக்கு ஆடியிருக்கிறேன். மாட்டைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றி எறிய வேண்டும். முயல்கள் உட்கார்ந்திருக்கும் கழிவறைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் படாரென்று சாத்த வேண்டும். பிளஞ்சரை, அதாவது கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர் கோப்பையை, துப்பாக்கிக் குண்டாக அவற்றின் முகத்தில் சுட வேண்டும். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டமா அது! ஆனால் அவ்வளவு சிரிப்பு.

அதில் நாயகன் ரேமேன். கைகால்கள் உடம்போடு ஒட்டாமல் தனியாக மிதக்கும் ஆள், 1995-லிருந்து இருக்கிறான். பிக்னிக் போன இடத்தில் அவனை முயல்கள் பிடித்துக்கொண்டு போய் ஒரு அரங்கில் தள்ளிவிடும். அன்றைய போட்டிகளில் ஜெயித்தால் ஒரு பிளஞ்சர் பரிசு. அவற்றைச் சிறைச் சுவரில் வரிசையாக ஒட்டி ஏணியாக்கி, ஜன்னல் வழியாகத் தப்பிக்க வேண்டும்.

இதையெல்லாம் பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ரேமேன் யாரு சித்தப்பா?" என்றான். அப்புறம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மையிலேயே ரேமேன் எங்கும் வரவில்லை. ஏன் தூக்கினார்கள்? பழைய விளையாட்டை எடுத்துக் கொடுத்தால் பையன் ரசிப்பானா? இன்னொன்று, அண்ணி கேட்கச் சொன்னது: ஒரு வார்த்தைகூடப் பேசாமல் 'ப்வாஆஆ' என்று கத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையின் பேச்சு என்ன ஆகும்?

---

அரைத்தூக்கம்:

உரிமைப் பிரச்சினையாக இருக்கும். விளையாட்டு ஒரு கம்பெனி, கார்ட்டூன் இன்னொரு கம்பெனி என்றால் இப்படித்தான் ஆளைக் காணாமல் அடிப்பார்கள்.

---

மூன்றாம்_லெவல்:

இல்லை, ரெண்டு பேருமே யூபிசாஃப்டின் பிள்ளைகள்தான். முயல்கள் ரேமேனை வெளியே தள்ளியது டிவிக்கு வரும் முன்பே நடந்த கதை. முதல் விளையாட்டில் வில்லனாக வந்த கூட்டம், நாயகனைவிடப் பிரபலமாகிவிட்டது. 2009-இல் வந்த 'ரேபிட்ஸ் கோ ஹோம்' விளையாட்டில் ரேமேன் கிடையாது, தலைப்பிலும் இல்லை. அதில் நிலாதான் தங்கள் வீடு என்று முயல்களுக்கு ஒரு நம்பிக்கை. தள்ளுவண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி, குவியலாக அடுக்கி, அதில் ஏறி நிலாவுக்குப் போகப் பார்க்கும். கார்ட்டூன் 2013-இல்தான் வந்தது. அதற்குள் ரேமேன் பழைய ஆளாகிவிட்டான்.

முதல் விளையாட்டின் முடிவு ஞாபகம் இருக்கிறதா? ரேமேன் தப்பித்து வெளியே வந்துவிடுவான். பிக்னிக்கில் தன்னோடு பிடிபட்ட குட்டி நண்பர்களை விட்டுவிட்டோமே என்று திரும்பிப் போய் முயல் பொந்துக்குள் நுழையப் பார்ப்பான், பாதியில் மாட்டிக்கொள்வான். அதற்கு மேல் அவன் கதியை அவர்களே சொல்லிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

---

பென்சில்முனை:

அனிமேஷன் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேமேன் இருந்தால் இந்தக் கார்ட்டூன் ஓடாது. அவனுக்கு ஒரு நோக்கம் உண்டு: யாரையாவது காப்பாற்ற வேண்டும், எங்கிருந்தாவது தப்பிக்க வேண்டும். நோக்கம் வந்தால் கதை வரும், கதை வந்தால் யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டிவரும். அடிதடிச் சிரிப்புக்கு அதெல்லாம் சுமை. ரேபிட்ஸுக்கு வேண்டியது ஒரு பொருள், அவ்வளவுதான். ஒரு கார் கண்ணாடி துடைப்பானையோ ஒரு டிராஃபிக் கூம்பையோ அதன் முன்னால் வைத்தால் போதும். அது எதற்கு என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் பொறுமையும் கிடையாது. ஒரு கதை ஏழு நிமிடம். நீங்கள் ஆடிய மினிகேம்களை, அந்தச் சின்னச் சின்னப் போட்டிகளை, நினைத்துப் பாருங்கள்: ஓர் இடம், ஒரு பொருள், ஒரே ஒரு விதி, முடிந்ததும் அடுத்தது. கார்ட்டூனின் ஒவ்வொரு கதையும் அதே அளவுக்கு வெட்டிய சட்டைதான்.

முயலின் உருவத்தைக் கவனியுங்கள். மாத்திரை மாதிரி ஓர் உடம்பு, ரெண்டு காது, பெரிய கண்கள், வாய். நடிப்பு முழுவதும் கண்ணிலும் காதிலும்தான். கோபம் வந்தால் கண் சிவந்துவிடும், குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விழுவது மட்டும் சிரிப்பைத் தராது. விழுவதற்கு முன் அது அப்படியே நின்று வெறித்துப் பார்க்கிறதே, அங்கேதான் சிரிப்பு பிறக்கிறது. அந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தால் புரியாது, கூடினால் அலுத்துவிடும். என் தொழிலில் ஆளைக் கொல்வது இந்தக் கணக்குதான்.

வார்த்தை இல்லாததில் இன்னொரு லாபமும் உண்டு. பிரான்ஸில் எடுத்ததை எந்த நாட்டிலும் போடலாம், முயலுக்கு டப்பிங் செலவே கிடையாது. குறையும் சொல்கிறேன்: தொடர்ந்து நாலைந்து கதை பார்த்தால் எனக்குத் தலை வலிக்கிறது. எல்லாம் ஒரே சுருதியில் கத்தல்.

---

கூடத்துச்சத்தம்:

உங்கள் அண்ணிக்கு ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். கார்ட்டூன் பேசவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் நாம் பேசலாம். என் மகளிடம் நடுவில் நிறுத்தி "இப்ப அது என்ன செய்யப் போகுது?" என்று கேட்பேன். வசனம் இல்லாததால் அவளே முழுக்கதையும் சொல்லியாக வேண்டும். ஒரு முயலுக்கு மாமியார்கூட வைத்துவிட்டாள். பேசத் தெரிந்த கார்ட்டூன்களுக்கு அவள் இவ்வளவு வாய் திறந்ததில்லை. பேச்சு வருவதிலேயே உங்களுக்குத் தனியாகச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், அதைக் கார்ட்டூன் தலையில் போட வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு. பார்த்ததைச் செய்வாள். குப்பைக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் முட்டினாள், நல்லவேளை பிளாஸ்டிக். ஒரு நேரத்துக்கு ரெண்டு கதை என்று வைத்திருக்கிறேன். அப்புறம் ரிமோட் என் கையில்.

---

பழைய_கன்ட்ரோலர்:

மாமியார் விஷயத்தை அண்ணியிடம் காட்டினேன், சிரித்துவிட்டார். பென்சில்முனை, அந்த வெறித்த பார்வையை நேற்றுக் கவனித்தேன். பையன் முயல் விழும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுகிறான். சரி, விளையாட்டு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

---

மூன்றாம்_லெவல்:

2006 விளையாட்டைக் கொடுக்கலாம், கழிவறைக் கதவு மாதிரிச் சின்னப் போட்டிகளை மட்டும். பிளஞ்சர் சுடுகிற கட்டங்களை நீங்கள் ஆடுங்கள், அவன் பார்க்கட்டும். 2017-இல் வந்த 'மரியோ + ரேபிட்ஸ் கிங்டம் பேட்டில்' பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். முயல்கள் துவைக்கும் இயந்திரத்தில் ஏறி மரியோ உலகத்துக்கு வந்து சேரும் ஆரம்பம் அவனுக்குப் பிடிக்கும்தான், ஆனால் ஆட்டம் சதுரங்கம் போல யோசித்து நகர்த்துவது.

ரேமேன் ரசிகருக்கு ஒரு செய்தி. அந்த 'மரியோ + ரேபிட்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு 2023-இல் வந்த கூடுதல் கதையில் ரேமேன் திரும்பி வந்துவிட்டான், ரேபிட்ஸுடன் ஒரே அணியில். பொந்திலிருந்து யார் இழுத்து எடுத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.