விலக்கு ஆணை: முகாம் மக்களுக்கு எப்படிச் சரியாகச் சொல்வது?

பாம்பாற்றுக்கரை:
ஊத்தங்கரைப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குத் தகவல் பலகை எழுத வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் பாஸ்போர்ட், விசா விலக்கு ஆணையை வைத்து, "எல்லாருக்கும் குடியுரிமை வந்தாச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. என்ன எழுதலாம்? நாளைக்கு விதி மாறினால் எப்படித் தெரிவிப்பது?

தென்பெண்ணை:
குடியுரிமை வரவில்லை. முதல் வரியே அதுவாக இருக்கட்டும். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவும் செய்திருக்கிற இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட், விசா வைத்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குப் பெறுகிறார்கள். அவ்வளவுதான். தேதி, பதிவு இரண்டும் வேண்டும்.

அதே ஆணையில் 2024 டிசம்பர் 31 என்று இன்னொரு தேதி வரும். அது ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் சிறுபான்மைச் சமயத்தாருக்கு. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்தவர்கள் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பெரிய எழுத்தில் மறுத்து எழுதுங்கள்.

வாணியாறு:
முகாமில் பிறந்தவர்களுக்குத் தனித் தாள் ஒட்டுங்கள். குடியுரிமை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் விஷயம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்தவருக்குப் பாஸ்போர்ட் தரச்சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டதும் இதனால்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அது மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. அம்மா இந்த ஊர்க்காரர், அப்பா முகாம் பதிவு என்றால் அண்ணனுக்கு ஒரு பதில், தங்கைக்கு வேறு பதில் வரலாம். "முகாம் பிள்ளைகள் எல்லாருக்கும்" என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதவே எழுதாதீர்கள்.

அணைமேடு:
பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் கண்ணில் பலகை படாது. ஆடியோவை ஆடியோவால்தான் அடிக்க முடியும். இரண்டு நிமிடத்துக்குள் பேசுங்கள். முதல் வாக்கியத்திலேயே "இது இன்ன தேதி நிலவரம்" என்று சொல்லிவிடுங்கள். தேதியில்லாத ஆடியோதான் வருஷக்கணக்கில் சுற்றும்.

தாளின் அடியில் அரசிதழ் அறிவிக்கை எண்ணைப் போடுங்கள், இ-கெசட் தளத்தில் சரிபார்க்கலாம். விதி மாறினால் பழையதன்மேல் ஒட்டாமல் கிழித்துவிட்டு ஒட்டுங்கள். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தைச் சொல்லும் துண்டறிக்கை எதுவானாலும் காலாவதி. 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம்.

ஒன்று மறக்க வேண்டாம். சந்தேகம் கேட்பவரிடம் முகாம் அட்டையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடச் சொல்லாதீர்கள், புரோக்கர் கைக்குப் போய்விடும். தனி வழக்கு என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, எண் 15100.