வாங்கிய விலைக்குக் கீழே போன ஃபிளாட்: எந்த வசதிக்குக் காசு தேறும்?

மடிப்பாக்கம் தரகர்:
சென்னை மறுவிற்பனையில் பேரம் முறிவது பெரும்பாலும் விற்பவரின் மனக்கணக்கில்தான். வாங்கியது 80 லட்சம், பத்திரச் செலவு 7.2 லட்சம், மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங்குக்கு 8 லட்சம். ஆக 95.2. அதே பிளாக்கில் கடைசியாகக் கைமாறியது 70-க்கு. வாங்க வருபவருக்கு அந்தக் கூட்டல் எதற்கு? பத்திரச் செலவு அவருக்கும் தனியாக உண்டு. பத்து வருஷத்து ப்ளைவுட்டைப் பார்த்தால் கழற்றிப் போடும் கூலியைத்தான் கணக்குப் போடுவார்.

லிஃப்ட், மெட்ரோ வாட்டர் இணைப்பு, பத்திரத்தில் எழுதிய கவர்டு பார்க்கிங், இவற்றுக்குக் காசு தேறும். பார்க்கிங் வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் தேறாது.

கட்டட மதிப்பீட்டாளர்:
நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் இருந்தால் பொது இடத்துக்கான லோடிங்கும், அதாவது விற்கும் பரப்பில் பொது இடத்துக்குப் போகும் பங்கும், ஏறும். 1,100 சதுரடி என்று விற்கும் வீட்டில் கார்ப்பெட் ஏரியா (சுவருக்குள் புழங்கும் பரப்பு) 770 என்றால், 70 லட்சத்துக்குச் சதுரடி 9,091 ரூபாய். வசதி குறைந்த பழைய பிளாக்கில் அதே 1,100-க்கு 880 கிடைத்தால் 7,955. அங்கே யூடிஎஸ்ஸும், அதாவது மனையில் வீட்டுக்கு உரிய பிரிக்கப்படாத நிலப் பங்கும், பெரும்பாலும் அதிகம். கட்டடம் தேயும், நிலம் தேயாது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், உயரமான அடுக்குமாடி அல்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 ஆனது. இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்று தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம் சொல்கிறது. பழைய ஃபிளாட்டுக்கு யூடிஎஸ் பார்த்து விலை பேசுவது இதனால்தான். குளத்தைப் பார்த்து மயங்குபவர்கள் மெயின்டெனன்ஸ் ரசீதையும் கேட்டுப் பார்க்கட்டும்.

சந்தைக் கணக்கு:
"நஷ்டத்துக்கு விற்க மாட்டேன்" என்று பிடிவாதமாக இருந்தால் என்ன கிடைக்கும்? பாஸ்டன் நகர மையத்து அடுக்குமாடி வீடுகளின் 1990–97 விற்பனையை ஜெனசோவ், மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். நஷ்டத்தில் நின்றவர்கள், வாங்கிய விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியில் 25 முதல் 35 சதவீதம் கூட்டிக் கேட்டார்கள். கூடுதலாகக் கைக்கு வந்தது அந்த இடைவெளியில் 3 முதல் 18 சதவீதம்தான். வீடு விற்கவும் நாளானது. முதலீட்டுக்கு வாங்கியவர்களைவிடக் குடியிருந்தவர்களிடம் இந்தப் பிடிவாதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஊர் வேறு, காலம் வேறு. இருந்தாலும் மேலே உள்ள 80, 70 கணக்கில் பொருத்திப் பாருங்கள். இடைவெளி 10 லட்சம். கூடுதலாகத் தேறுவது 30 ஆயிரம் முதல் 1.8 லட்சம் வரை. பூட்டிய வீடு என்றால், முடங்கிக் கிடக்கும் 70 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி மாதம் சுமார் 40,800, சதுரடிக்கு 4 ரூபாய் மெயின்டெனன்ஸ் 4,400. நாலே மாதத்தில் அந்த 1.8 லட்சமும் காலி. வாடகைக்கு விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான்.

வரிக் கணக்கர்:
24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால மூலதன நஷ்டம். பத்திரச் செலவையும் வாங்கிய விலையோடு சேர்க்கலாம். வேறு நீண்டகால மூலதன லாபத்தில் கழித்துக்கொண்டு, மிச்சத்தை 8 வருஷம் கொண்டுபோகலாம். ரிட்டர்ன் கெடு தேதிக்குள் தாக்கலாகியிருக்க வேண்டும். தவறினால் அந்தச் சலுகை போய்விடும்.

மடிப்பாக்கம் தரகர்:
இன்னொன்று சார். இழக்க மனம் வராத இதே நோய் வாங்குபவருக்கும் உண்டு. ஏசி, சிம்னி இருக்கிற வீட்டைக் காட்டிவிட்டு அட்வான்ஸ் சமயத்தில் "அதைக் கழற்றிக்கொள்வேன்" என்றால், அதன் விலைக்கு மேலேயே குறைக்கச் சொல்வார். எடுத்துப்போகும் சாமானை வீடு காட்டுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.