பிள்ளைகளை இசை வகுப்பில் சேர்க்கும் முன்: சேலம், ஏற்காடு ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

வாய்ப்பாட்டு ஆசிரியை, அஸ்தம்பட்டி:

ஜூன் மாதம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "பாட்டு கத்துக்கிட்டா கணக்குல மார்க் ஏறுமா டீச்சர்?" என்பதுதான். அதற்கு நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மார்க்கை நம்பிச் சேர்த்த பிள்ளையைத்தான் காலாண்டுத் தேர்வு வந்ததும் நிறுத்துகிறார்கள்.

மொஸார்ட் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு, 1993-ல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனையிலிருந்து கிளம்பியது. அதில் குழந்தைகளே இல்லை. பத்து நிமிடம் கேட்டதால் கிடைத்த முன்னேற்றம் கால் மணி நேரத்தில் மறைந்தும் போனது. 2004-ல் கனடாவின் உளவியலாளர் ஷெல்லன்பெர்க், டொராண்டோவில் 144 ஆறு வயதுப் பிள்ளைகளை ஒரு பள்ளி ஆண்டு முழுக்கக் கவனித்தார். கீபோர்டும் பாட்டும் கற்றவர்களுக்கு நுண்ணறிவு எண் சராசரியாக 7 புள்ளி ஏறியது, மற்றவர்களுக்கு 4.3 ஏறியது. வித்தியாசம் 3 புள்ளிகூட இல்லை. 2020-ல் 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7000 பிள்ளைகளின் விவரங்களோடு ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கவனமாக நடத்திய ஆய்வுகளில் அந்தச் சிறு வித்தியாசமும் காணாமல் போனது.

அப்படியானால் எதற்காகக் கற்க வேண்டும்? காதுக்காக. மூளை ஆய்வாளர் நினா கிராஸ் குழுவினர் லாஸ் ஏஞ்சல்ஸில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, இசை கற்றவர்களின் மூளை பேச்சொலிகளைப் பிரித்தறியும் திறன் கூடியிருந்தது. ஒரு வருடம் கற்ற பிறகு பார்த்தபோது மாற்றம் இல்லை, இரண்டு வருடம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இது 2014-ல் வெளியான முடிவு. ஆறு மாதத்தில் பலனைத் தேடும் பெற்றோரிடம் நான் சொல்வதும் இதுதான்: இரண்டு வருடம் விடாமல் வருவதாக இருந்தால் சேருங்கள்.

வகுப்பில் அந்த மாற்றம் எப்படித் தெரியும் என்பதற்கு ஆரம்பப் பாடமான முதல் சரளி வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். மாயாமாளவகௌளை ராகத்தில் ச ரி க ம ப த நி ச, பிறகு ச நி த ப ம க ரி ச. மொத்தம் 16 ஸ்வரம். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை, அந்த ஒரு சுற்றுதான் ஒரு ஆவர்த்தனம். முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், ஆகவே இரண்டு ஆவர்த்தனம் பிடிக்கும். இரண்டாம் காலத்தில் ஒரே ஆவர்த்தனத்தில் ஏறி இறங்கிவிடலாம். மூன்றாம் காலத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்குள் இரண்டு தடவை. இதில் தாளம் போடும் கையின் வேகம் மாறக் கூடாது, வாய் மட்டும்தான் இரட்டிக்க வேண்டும். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் இங்கே இடறுவார்கள். இரண்டாம் காலம் வந்ததும் கையும் சேர்ந்து ஓடும். அப்போது வாயை மூடச் சொல்லி, வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று கையை மட்டும் போடவிட வேண்டும். கை நிலைத்த பிறகு வாயைத் திறந்தால் போதும். பின்னக் கணக்கு கரும்பலகைக்கு வருவதற்கு முன்பே ஒன்று, இரண்டு, நான்கு என்ற பகுப்பு அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும். தேர்வு மார்க்கோடு இதை முடிச்சுப் போட வேண்டாம், இதுவே தனியாக ஒரு நல்ல விஷயம்.

வெவ்வேறு தாளங்களில் பாடும் அலங்காரப் பாடம் வந்ததும் இது இன்னும் அழகாக விரியும். துருவ தாளத்துக்கும் 14 எண்ணிக்கை, அட தாளத்துக்கும் 14. ஆனால் முன்னது 4, 2, 4, 4 என்று நடக்கும், பின்னது 5, 5, 2, 2 என்று நடக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போடவைத்தால் ஒன்பது வயதுப் பிள்ளை தானாகவே, "டீச்சர், ரெண்டும் ஒண்ணுதான், ஆனா வேற வேற" என்று சொல்லும்.

சுருதி விஷயத்தில் கவனம் தேவை. அதன் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம். சிறு பிள்ளைகளுக்கு 5 முதல் 6 கட்டை வரை பொருந்தும். வீட்டில் அப்பா தன் குரலுக்கு 1 கட்டையில் சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு, "பாடு கண்ணு" என்றால், பிள்ளை கீழே முனகும் இல்லையென்றால் மேலே கத்தும். முதல் வருடம் மத்ய ஸட்ஜமத்திலிருந்து (நடு ச) மேல் ஸட்ஜமம் வரைதான் வேலை, கீழ்ப் பஞ்சமத்தை (கீழ் ப) இப்போதே பிடிக்கச் சொல்ல வேண்டாம். கழுத்து நரம்பு புடைத்தாலோ மோவாய் மேலே தூக்கினாலோ கட்டை தப்பு என்று அர்த்தம்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். சுருதி போட்டு நீளமாக 'ஆ' என்று ஸட்ஜமத்தில் நிற்க மூன்று நிமிடம், பழைய வரிசைகளுக்கு ஏழு, புதிய பாடத்துக்கு ஏழு, மீதி அதற்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டு. ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதால் ஒரு பயனும் இல்லை.

மிருதங்க ஆசிரியர், அம்மாபேட்டை:

டீச்சர் சொன்ன 20 நிமிஷம் மிருதங்கத்துக்கும் பொருந்துமுங்க. ஆனா வாத்தியத்தைத் தயார் பண்றதுக்கு அஞ்சு நிமிஷம் தனியா வெச்சுக்கணும். அதைப் பிள்ளையே செய்யணும்.

இடது பக்கத் தோலான தொப்பிக்கு ரவை போடறதுதான் முதல் பாடம். ரவையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, கையில ஒட்டாத பதத்துக்குக் கொண்டுவந்து, தோலை லேசா நனைச்சு நடுவுல வட்டமா அப்பணும். ரவை அதிகமானா ஓசை மந்தமா அடைச்ச மாதிரி வரும். குறைஞ்சா 'தொம்' எழும்பாது, வெறும் தோல் சத்தம்தான் கேட்கும். வாசிச்சு முடிச்சதும் வழிச்சு எடுத்து, ஈரத்துணியால துடைச்சு வெக்கணும். பெரும்பாலான வீட்டுல இதைத்தான் மறக்கறாங்க. காய்ஞ்ச ரவை தோலை இழுத்து வெடிக்க வைக்கும். ராத்திரி கரப்பானும் எலியும் வந்து தோலையே கடிச்சிடும். ரெண்டாம் மாசமே தொப்பி மாத்தற செலவு வர்றது இதனாலதான்.

சுருதி சேர்க்க வலது பக்கமான வலந்தலையோட மூட்டுல, அதாவது தோலோட விளிம்புல, சின்னக் கட்டையை வெச்சு, மேல இருந்து தட்டினா சுருதி ஏறும், கீழ இருந்து மேல தட்டினா இறங்கும். விளிம்பைச் சுத்தி இருக்கற 16 கண்ணுலயும் ஓசை ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கமே தட்டிக்கிட்டு போகாம எதிரெதிரா தட்டணும். 10 வயசு வரைக்கும் தட்டறதை ஆசிரியரே செய்யட்டும். ஆனா எந்தக் கண்ணு இறங்கியிருக்குன்னு பிள்ளை கேட்டுச் சொல்லணும். அங்கதான் காது தயாராகுது.

ஏற்காட்டுக்கு வாத்தியம் கொண்டுபோறவங்களுக்கு ஒரு விஷயம். மலை ஏறி 20 கொண்டை ஊசி வளைவு தாண்டறதுக்குள்ள காத்துல ஈரம் மாறிடும். பனி மூடின நாள்ல தோல் ஈரம் குடிச்சுத் தளர்ந்து சுருதி இறங்கும். போய் இறங்கின உடனே தட்டாதீங்க. அரை மணி நேரம் உறையைக் கழட்டி வெச்சிட்டு அப்புறம் சேர்த்தா நிக்கும். சித்திரை வெயில்ல சேலத்துல அப்படியே தலைகீழ், சுருதி தானா ஏறிக்கும்.

சின்னப் பிள்ளைக்குப் பெரிய பலாமரக் கட்டை வேண்டாம். எடை தாங்காம உடம்பு ஒரு பக்கம் சாயும். ஃபைபர் கட்டை, நட்டு போல்ட் வெச்சது, தூக்கறதுக்கும் சுருதி சேர்க்கறதுக்கும் சுலபம். நாதம் மரத்துக்கு ஈடு வராது, அதை மறைக்க வேண்டாம். 'தா தீ தொம் நம்' கை பதியற வரைக்கும் அது போதும்.

வயலின் ஆசிரியர், ஃபேர்லேண்ட்ஸ்:

பெரிய வயலினை வாங்கிக் கொடுத்து "வளர்ந்தா சரியாயிடும்" என்பது அதிகம் நடக்கும் தவறு. கையை நேராக நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை அளந்து பாருங்கள். 18½ அங்குலம் அளவில் இருந்தால் கால் சைஸ், 20 என்றால் அரை சைஸ், 22 என்றால் முக்கால், 23-க்கு மேல்தான் முழு சைஸ். பெரியதைப் பிடிக்கும் பிள்ளைக்குச் சுண்டு விரல் எட்டாது. எட்டவைக்க மணிக்கட்டை உள்ளே மடக்கும். அந்த மடக்கு பழகிவிட்டால் பிறகு கமகம் (ஸ்வரத்தை அசைத்து, வழுக்கி வாசிப்பது) வராது, திருத்த ஒரு வருடம் ஆகும்.

நான்கு தந்திகளையும் ச ப ச ப என்று சுருதி சேர்க்கும்போது முறுக்காணியைத் திருப்பினால் மட்டும் போதாது, உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். சேலத்து வறண்ட மாதங்களில் மரம் சுருங்கி முறுக்காணி வழுக்கும், கரும்பலகைச் சுண்ணக்கட்டியைக் கொஞ்சம் தேய்த்தால் பிடிக்கும். ஏற்காட்டில் ஈரத்தில் மரம் ஊதி இறுகும். பலமாகத் திருகினால் முறுக்காணியின் தலை உடையும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் ஓரளவு தாங்கும்.

தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். அழுத்தம் போனதும் உள்ளே இருக்கும் குச்சி விழுந்துவிடும், அதை நிறுத்த வேலை தெரிந்தவர் வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சுருதி கூட்டக் கூட்ட, தந்திகளைத் தாங்கும் குதிரை விரல்பலகைப் பக்கம் சாயும். வாரம் ஒரு முறை பக்கவாட்டில் பார்த்து நிமிர்த்துங்கள். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வயலினை விட்டுப்போனால் பசை விட்டு ஓரம் பிரியும்.

பெற்றோர், ஏற்காடு:

கீபோர்டு வாங்கினா போதுமுங்களா? இங்க உறைவிடப் பள்ளில பியானோ சொல்லித் தர்றாங்க. வீட்டுல கர்நாடக சங்கீதம் கத்துக்கொடுக்கணும்னு ஆசை. ரெண்டும் குழம்பிடுமா?

பள்ளி இசை ஆசிரியை, ஏற்காடு:

குழம்பாதுங்க. எந்த வேலைக்கு எதை வைப்பது என்று தெரிந்தால் போதும். மாயாமாளவகௌளையை கீபோர்டில் சி, டி ஃப்ளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி, சி என்று வாசித்துக் காட்டுங்கள். ச முதல் ம வரை இருக்கும் இடைவெளிகளேதான் ப முதல் மேல் ச வரையும். கட்டைகளைக் கண்ணால் பார்க்கும்போது பிள்ளைக்கு அது பளிச்சென்று புரியும். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது கீபோர்டு கட்டையில் வராது. கமகத்தைக் குரலில்தான் கற்க வேண்டும். 61 கட்டை, அழுத்தத்துக்கு ஏற்ப ஓசை மாறும் வகை, இரண்டும் இருக்கட்டும். அழுத்த உணர்வில்லாத மலிவு கீபோர்டில் பழகிய விரல், பியானோவில் எல்லாவற்றையும் ஒரே ஓசையில் குத்தும்.

இங்கே வீட்டில் பியானோ வைத்திருப்பவர்களுக்கு: பனியில் உள்ளே இருக்கும் கம்பளித் துணி ஈரம் ஏறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பியானோவின் அடிப்பகுதிக்குள் குறைந்த வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவது பழைய வழி, இன்றும் வேலை செய்கிறது. துணியோ மரமோ பல்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும்.

ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியரும் பிள்ளையும் சேர்ந்து பாட முடியாது, ஓசை தாமதமாகத்தான் போய்ச் சேரும். சுருதி பிள்ளையின் பக்கம் ஒலிக்க வேண்டும். ஜூம் தம்புரா ஓசையை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போட்டால்தான் ஆசிரியருக்குக் கேட்கும்.

பெற்றோர், சூரமங்கலம்:

கட்டணம் கட்ட முடியாதவங்களுக்கு: சேலத்துல மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கு. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம்னு 3 வருஷப் படிப்பு. 12 வயசுக்கு மேல சேரலாம். அதுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்ற வகுப்பு, 5 வயசுல இருந்து 16 வரைக்கும்.

வாய்ப்பாட்டு ஆசிரியை, அஸ்தம்பட்டி:

பையன்களின் பெற்றோருக்கு ஒரு விஷயம் விட்டுப்போனது. 12, 13 வயதில் குரல் உடையும்போது "இவனுக்கு இனிமே பாட்டு வராது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது உடம்பின் மாற்றம், இசை போய்விடவில்லை. அந்த மாதங்களில் சுருதியை இறக்குங்கள், மேல் ஸ்தாயியை விட்டுவிடுங்கள், மெல்லிய குரலில் பத்து நிமிடம் மட்டும் பாடச் சொல்லுங்கள். மீதி நேரம் தாளம் போடுவது, ஸ்வரம் எழுதுவது, கேட்ட பாட்டின் ராகத்தைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு மாதமும் எந்தக் கட்டையில் வசதியாக நிற்கிறது என்று சுருதிப்பெட்டியில் பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று மாதம் ஒரே கட்டையில் நின்றால் வர்ணம் என்ற பயிற்சிப் பாடலை முதல் காலத்திலிருந்து திரும்பத் தொடங்கலாம்.